முன்சீப்பின் உரைநடை

ஆட்சிப் பொறுப்பில் இருந்தபடியே எழுதியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அரசியல் வரலாற்றாளர் அவர்களின் நூல்களை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார். இலக்கிய வரலாற்றாளரோ, வகித்த பதவியைப் பெயருக்கு முன்னால் அடைமொழியாக ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். காவிரிப் படுகைக்கு இந்தப் பாகப்பிரிவினை பொருந்தாது. இங்கே பலருக்கும் எழுத்து பதவியிலிருந்தே பிறந்திருக்கிறது.

1620இல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்த தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் தெலுங்குக் கவிஞர். அவருக்குப் பின் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களில் ஷாஜி நாட்டிய நாடகங்கள் படைத்தவர். இரண்டாம் சரபோஜி (1777–1832) 1799 உடன்படிக்கையால் நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் இழந்தார். மிஞ்சிய வசதியையெல்லாம் சரஸ்வதி மகால் நூலகத்துக்கும் தன்வந்திரி மகால் மருத்துவ நிலையத்துக்கும் செலவிட்டார். கண் நோயாளிகளின் விவரங்களைப் படங்களோடு பதியவைத்தார். உலகப் புவியியலைச் சொல்லும் தேவேந்திர குறவஞ்சியை மராத்தியில் இயற்றினார். சரபோஜி அதிகம் ஆராயப்பட்டவர். அந்தக் கவனத்தில் பாதியாவது மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம், நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்து மேலே வந்தவர். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக, இருந்தார். பின்னர் மாயூரம் நகரசபைத் தலைவரானார். பெண்கள் கல்விக்காக வாதாடி நூல் எழுதினார். 1876–78 பஞ்சத்தில் அவர் பசித்தவர்களுக்குச் செய்த உதவியைக் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகவே பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேதநாயகத்தின்மீது குளத்தூர்க் கோவை பாடினார். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதிய கிறிஸ்தவர் ஒருவரைச் சைவப் புலவர் பாடிய அந்த நட்பைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதலாம்.

இலக்கிய வரலாறுகள் அவரை 1879இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவராகவே நினைவில் வைத்திருக்கின்றன. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1862இல், அவருடைய சித்தாந்த சங்கிரகம் வந்துவிட்டது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கித் தரும் நூல் அது. வழக்கு, வாதம், காரணம், முடிவு என்று அடுக்கடுக்காகச் சொல்லும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது என்று நான் கருதுகிறேன். செய்யுளே கோலோச்சிய காலத்தில், தடுமாறாத உரைநடை ஒன்று கைவசம் இருந்ததற்கு வேறு நல்ல விளக்கம் தென்படவில்லை.

நாவலின் உள்ளேயும் நீதிமன்றம் நடக்கிறது. ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் கதாநாயகி ஞானாம்பாள், மக்களுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடப்பதைக் கடுமையாகக் கண்டிக்கிறாள். வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைப் பெஞ்சில் அமர்ந்து கேட்டவரின் ஆத்திரம் இது. கும்பினியும் பிறகு பிரிட்டிஷ் அரசியும் ஆண்ட நாட்டில் ஒரு முன்சீப்பால் போட முடியாத உத்தரவைக் கதையில் ஒரு பெண் போடுகிறாள். தாய்லாந்தின் குக்ரிட் பிரமோஜ் இதற்கு நேர் எதிர் நிலை: நாவலாசிரியரும் பத்திரிகை நிறுவனருமான அவர் 1963இல் ஒரு ஹாலிவுட் படத்தில் பிரதமராக நடித்தார், 1975இல் உண்மையாகவே பிரதமரானார். வேதநாயகத்துக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

வழி திறந்த காலத்தில் வந்தவர் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி. 1952இல் அவர் வசனம் எழுதிய பராசக்தியின் உச்சக்கட்டமும் நீதிமன்றம்தான். ஆனால் இம்முறை பேசுவது குற்றவாளிக் கூண்டில் நிற்பவன். பேச்சு முழுவதும் தமிழ். ஐந்து முறை முதல்வரான அவருடைய அரசியல் பேச்சின் வார்ப்பு அந்த வசனத்திலேயே இருக்கிறது.

பதவியும் எழுத்தும் கலந்த இவர்களைப் பற்றிய ஆய்வில் இப்போது செய்யவேண்டிய முதல் வேலை, சித்தாந்த சங்கிரகத்தையும் பிரதாப முதலியார் சரித்திரத்தையும் அருகருகே வைத்து வாக்கியம் வாக்கியமாகப் படிப்பது. சட்டத் தமிழ் அறிந்த ஒருவரும் நாவல் அறிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.