டேலி ஆனால் போதுமா?

கேமராவுக்குள் உட்கார்ந்திருக்கிற லைட் மீட்டர் ஒரு விசித்திரமான ஆசாமி. அவருக்கு உலகமே சாம்பல் கலர். வெள்ளை வேட்டியைக் காட்டுங்கள், கறுப்புக் குடையைக் காட்டுங்கள்... எல்லாமே தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகிற பொருள் என்று நினைத்துத்தான் கணக்குப் போடுவார். விளைவு? வேட்டி அழுக்காகிவிடும், குடை வெளுத்துவிடும்.

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஆபீஸுக்கு வாங்கின மேஜையை ரிப்பேர் செலவில் எழுதினாலும் இரண்டு பக்கமும் கச்சிதமாக டேலி ஆகும். ஆனால், தப்பு தப்புதான். அப்பர்ச்சர், ஷட்டர், ஃபிலிம் ஸ்பீடு மூன்றையும் மீட்டர் சொன்னபடி வைத்து எடுக்கிற போட்டோவும் அப்படித்தான்.

இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் பாலு மகேந்திரா. அவருடைய ‘வீடு’ (1988) படத்தை சமீபத்தில் மறுபடி பார்த்தபோது, கதையைவிட அர்ச்சனாவின் முகத்தைத்தான் அதிகம் கவனித்தேன். வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படுகிற, சம்பளக் கவரை எண்ணி எண்ணி செங்கல் வாங்குகிற ஒரு பெண். மாநிறத்துக்கும் கீழே. மேக்கப் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிறது. மறு கன்னம் நிழலில் இருக்கிறது. அந்த நிழலிலும் தோல் தோலாகவே இருக்கிறது. தார் ஆகவில்லை, மாவும் ஆகவில்லை.

படத்தில் மறக்கவே முடியாத இடம், சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிற காட்சி. வெளியே மெட்ராஸ் வெயில், உள்ளே பூசாத சுவர்களின் இருட்டு. வெயிலுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கிழவர் நிழலுருவம் ஆகிவிடுவார். கிழவருக்கு வைத்தால் வெளியே வெளுத்துப் போகும். இரண்டையும் சேர்த்து ஃபிலிம் தாங்காது. எதை விட்டுக்கொடுப்பது என்று மீட்டர் சொல்லாது. டைரக்டர்தான் சொல்ல வேண்டும். சுவரைத் தடவிப் பார்க்கிற அந்த விரல்கள்தான் இவருக்கு முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம்.

இதில் என்ன பெரிசு என்கிறீர்களா? பெரிசுதான். அந்தக் காலத்து கலர் லேப்களில் பிரின்ட் சரியா என்று பார்க்க கோடாக் கம்பெனி ‘ஷெர்லி கார்டு’ என்று ஒன்று அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! 2021-ல்கூட, கறுத்த தோலைச் சரியாகக் காட்டும் கேமரா என்று கூகுள் தன் பிக்ஸல் 6 போனுக்குத் தனியாக விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. பாலு மகேந்திராவோ 1978-ல் ‘முள்ளும் மலரும்’ படத்தில் ஷோபாவை ஷோபாவாகவே காட்டிவிட்டார்.

குறை இல்லையா? இருக்கிறது. ‘வீடு’ படத்தின் சில இரவுக் காட்சிகளில் யார் பேசுகிறார்கள் என்றே தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பழியை முழுக்க அவர் தலையில் போடவும் முடியாது. நம் கைக்குக் கிடைப்பது வீடியோ பிரதிகள். படத்தின் நெகட்டிவ் அழிந்துவிட்டது என்று அவரே பொதுவில் வருந்தியிருக்கிறார். இருட்டில் அரை ஸ்டாப், கால் ஸ்டாப் என்று இழைத்தவரின் வேலையை நாம் பத்திரப்படுத்தின லட்சணம் இது. 2014-ல் அவரும் போய்விட்டார்.

நம் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். கறுப்பான மணப்பெண்ணுக்கு முதலில் பவுடர், மேலே ஃப்ளாஷ், அதுக்கும் மேலே கம்ப்யூட்டரில் வெள்ளையடிப்பு. பக்கத்தில் நிற்கிற அவளுடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. கேட்டால், ‘‘லைட்டிங் அப்படி சார்’’ என்பார்கள்.

லைட்டிங் ஒன்றும் அப்படி இல்லை. அடுத்த கல்யாணத்தில் போட்டோகிராபரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: ‘‘தம்பி, மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்த்து அளக்காதே, முகத்தைப் பார்த்து அள. கறுத்த முகம் என்றால், மீட்டர் சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைச்சுக்கோ. அந்தப் பொண்ணு அவள் நிறத்திலேயே இருக்கட்டும்.’’