யாருடைய எண்ணுக்கு ஓடிபி வருகிறது?

இணையவழிக் கல்விச் செயலிகளை விற்பவர்கள் ‘பயன்படுத்த எளிது’ என்று சொல்லாமல் இருப்பதில்லை. யாருக்கு எளிது என்பதற்குப் பதிவுசெய்யும் முதல் திரையிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஓர் ஆள், ஓர் எண், ஒரு கைபேசி. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருப்பதாகச் சொன்ன ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. பொதுமுடக்க காலத்தில் என் மாணவிகள் பலருக்கு ஓடிபி அப்பாவின் எண்ணுக்கோ அண்ணனின் எண்ணுக்கோதான் போனது. தளர்வு அறிவித்து அப்பா கட்டட வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டு ஆறு இலக்கங்களைப் படித்துச் சொல்ல வேண்டும். அதற்குள் அது காலாவதியாகிவிடும். செயலியின் பதிவேட்டில் அவளுக்கு ‘வரவில்லை’ என்று விழும்.

வருகையை நிமிடக் கணக்கில் அளப்பதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். தண்ணீர் லாரி வந்து குடத்தோடு ஓடியவளுக்கு அந்த நிமிடங்கள் கழிக்கப்படும். கண்காணிப்புத் தேர்வுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. முகம் திரையைவிட்டுத் திரும்பினால் சந்தேகக் குறி விழும். தம்பி அழுதால் திரும்பாமல் உட்கார்ந்திருக்க எந்த வீட்டில் பெண்ணை விடுகிறார்கள்? அதே வீட்டில் அண்ணன் தேர்வெழுதும்போது தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதும் இவள்தான்.

எல்லாமே இப்படி இல்லை. என்பிடெல்லின் 12 வாரப் பாடங்களில் வாராந்திரப் பயிற்சிகளில் சிறந்த எட்டின் மதிப்பெண்தான் கணக்கில் சேரும். பெண்களை நினைத்து இதைச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் மாமியாரின் ஆஸ்பத்திரி, நாத்தனார் கல்யாணம், பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் போக நான்கு வாரம் தவறினாலும் பாடம் கைவிட்டுப் போகாது. ஒரு பெண்ணின் வருடத்தைத் தெரிந்தவர்கள் போட்ட விதி போல இருக்கிறது. பிறகு 75 விழுக்காட்டை இறுதித் தேர்வுக்கு வைத்து, அதை எழுத ஒரு மையத்துக்கு வரச் சொல்வது வேறு கதை. அங்கே போக யார் துணைக்கு வருவது?

தமிழ்த் துறைக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. ‘கொ’ என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இவற்றை ஒன்றாக்கிப் பார்க்காத நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டினாலும் இதே கதி. சரியான விடை எழுதியவளுக்குச் சுழியம் போட்டுவிட்டு, ‘மீண்டும் முயல்க’ என்று செயலி தமிழில் சொல்லும்! பொத்தான்களைத் தமிழாக்கியதோடு தமிழுக்கான வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் காட்டுகிறேன்.

மாணவிகள் தாங்களே தேர்ந்துகொண்ட கருவி வாட்ஸ்அப் குரல்பதிவு. இரவில் பாத்திரம் கழுவி முடித்த பின் கேட்கலாம், நிறுத்தலாம், பாதியிலிருந்து தொடரலாம். கேமராவுக்கு முகம் காட்ட வேண்டாம். இதைவிடப் பொருத்தமான வகுப்பறையை விலை கொடுத்து வாங்கிய எந்தச் செயலியும் எங்களுக்குத் தரவில்லை. ஆனால் குழுவில் சேர்ந்த கணமே அவள் எண் அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நள்ளிரவில் ‘ஹாய்’ வருகிறது. வீட்டில் யாராவது அதைப் பார்த்தால் பறிபோவது அவளுடைய போன்தான். எண்ணைக் காட்டாத வகுப்புக் குழு என்பது தொழில்நுட்பத்துக்கு எட்டாத ஆசையொன்றும் இல்லை. அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

கல்லூரிகளில் செயலி வாங்கும் குழுக்கள் கூடும்போது விற்பனையாளர் பெரிய திரையில் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டுவார். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, கீறல் விழுந்த அவள் வீட்டுக் கைபேசியில் அதைத் திறக்கச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். முதல் திரையில் அது எண் கேட்கும். யாருடையதைக் கொடுக்கிறாள் என்று விற்பனையாளரும் பார்க்கட்டும்.