நாள் குறியாத சொல்

புக்கிட் மேரா என்னும் மலாய்ப் பெயருக்குச் செம்மலை என்பது பொருள். அப்பெயருக்குக் காரணமாக மலாய் மக்கள் வழங்கும் கதையை நம்மவருள் பலர் கேட்டிருப்பர். கூர்மூக்குடைய வாள்மீன்கள் கடலினின்று கரைமேற் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். அரசன் வீரர்களை வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களையே அரணாக்கினான். மாண்டோர் தொகை பெருகிற்று. ஒரு சிறுவன் முன்வந்து, மனிதரை நிறுத்துவானேன், வாழைத்தண்டுகளை நிறுத்தலாமே என்றான். அவ்வாறே செய்தனர்; மீன்களின் மூக்குகள் வாழையிற் புதைந்து சிக்கின; ஊர் பிழைத்தது. பிறகு அரசன் காதில் மந்திரிகள் ஓதினர்: சிறு வயதிலேயே இத்துணை அறிவுடையவன் வளர்ந்தால் என்ன ஆவான்? அரசன் ஆட்களை ஏவினான். சிறுவன் சிந்திய குருதியால் மேடு சிவந்தது என்பது கதை.

கதை கதைதான். மீன் பாய்ந்ததா, வாழை தடுத்ததா என்று ஆராய்வது நம் வேலையன்று. அவ்வரசன் அஞ்சியது எதற்கு என்பதே நாம் கவனிக்கத்தக்கது. தன்னை அளந்து பார்க்கக்கூடிய ஒரு நாளை வளர்ந்து வருகிறதே என்று அவன் அஞ்சினான். குடியாட்சியில் அந்த நாளைக்குத் தேர்தல் என்று பெயர். இக்காலத்து ஆள்வோர் அதனைக் கொல்வது அரிது; தள்ளிவைப்பர்.

இலக்கியக் கட்டுரைப் பகுதியில் தேர்தலுக்கு என்ன வேலை என்று நேயர் சிலர் வினவக்கூடும். சட்டமும் ஓர் உரைநடை நூலே. கவிதையை வாசிப்பவர் சிலர். சட்டத்தின் வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்பவரோ நாம் அனைவரும். சூத்திரத்தில் ஒரு சொல் குறைந்தால் உரையாசிரியர்கள் அதனைச் சும்மா விடுவதில்லை. ஏன் குறைந்தது, யாருக்காகக் குறைந்தது என்று கேட்பார்கள். அம்முறையில் ஒரே ஒரு வாக்கியத்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பாராளுமன்ற அங்கத்தினர் ஒருவருடைய இடம் காலியானால் அது தேர்தலால் நிரப்பப்படல் வேண்டும் என்பது சிங்கப்பூர் அரசியல் சட்டம் 49ஆம் ஷரத்தின் சாரம். இலக்கணப்படி இது முற்றுப்பெற்ற வாக்கியம். பொருளின்படி எச்சமாகவே நிற்கிறது. யார் நிரப்புவது என்பதற்கு விடையுண்டு. எதனால் என்பதற்கும் உண்டு. எப்பொழுது என்பதற்கு இல்லை.

முன்பு இருந்தது. 1963இல் சிங்கப்பூர் மலேசியாவிற் சேர்ந்தபோது, மூன்று மாதங்களுக்குள் என்ற சொற்கள் அவ்வாக்கியத்தில் ஏறின. 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி பிரிவினை நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் தேதி நிறைவேறிய திருத்தத்தில் அச்சொற்கள் நீங்கின. மலேசியாவிற் சேருமுன் இருந்த நிலைக்கே திரும்புகிறோம் என்பது பிரதமர் லீ குவான் இயூ கூறிய விளக்கம். கட்டிய வீட்டில் வாடகைக்கு வந்தவன் போட்ட தாழ்ப்பாள்தானே, அவன் போனபின் கழற்றினால் என்ன என்பது போன்ற நியாயம் இது. தாழ்ப்பாள் யார் போட்டதாயினும் கதவுக்கு நல்லதா என்பதை அன்று எவரும் நின்று கேட்டதாகத் தெரியவில்லை.

இனி அச்சொற்கள் இல்லாத வாக்கியம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதைப் பார்ப்போம். புக்கிட் மேராவில் இடம் காலியாகி, 1966 ஜனவரி 18ஆம் தேதி, அதாவது திருத்தம் நிறைவேறி நான்கு வாரத்துக்குள், உபதேர்தல் நடந்தது. 1977இல் அடுத்திருந்த ராடின் மாஸ் தொகுதியின் அங்கத்தினர் கோவிந்தசாமி காலமானபின் மே மாதத்திலும், அவ்வாண்டே புக்கிட் மேராவில் மீண்டும் ஜூலை மாதத்திலும் உபதேர்தல்கள் நடந்தன. எல்லாம் ஒழுங்காகத்தானே நடந்தது, குறை என்ன என்பார் உண்டு. பொறுத்திருங்கள்.

1981 அக்டோபரில் ஆன்சன் தொகுதியின் அங்கத்தினர் சி. வி. தேவன் நாயர் குடியரசுத் தலைவரானார். அம்மாதம் 31ஆம் தேதியே உபதேர்தல் வைத்தார்கள். எவரும் எதிர்பாராவண்ணம் தொழிலாளர் கட்சியின் ஜெ. பி. ஜெயரத்தினம் வென்று, பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சியைச் சேராத ஒரே அங்கத்தினராக நுழைந்தார். அதன்பின் 1983 அக்டோபரில் நிதி மந்திரி ஹொன் சூயி சென் காலமானார். அவருடைய ஹேவ்லாக் தொகுதி, புக்கிட் மேராவிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தொலைவு. 1984 டிசம்பர்ப் பொதுத் தேர்தல் வரை பதினான்கு மாதம் காலியாகவே கிடந்தது. 1986 நவம்பரில் நியாயஸ்தலத் தண்டனை காரணமாக ஜெயரத்தினம் தம் இடத்தை இழந்தார். அதே ஆன்சன், அதே 49ஆம் ஷரத்து. இம்முறை 1988 செப்டம்பர்ப் பொதுத் தேர்தல் வரை ஏறத்தாழ 22 மாதம் எவரும் வரவில்லை. அத்தேர்தலிலோ ஆன்சன் என்ற தொகுதியே இல்லை. ஆளுங்கட்சி மந்திரியின் மறைவால் காலியான கேலாங் மேற்கும் அக்காலத்தில் நிரப்பப்படாமலே இருந்தது என்பதையும் நடுநிலை கருதிச் சொல்லவேண்டும். ஆயினும் ஒரு முறை சில நாளும் ஒரு முறை இருபத்திரண்டு மாதமுமாக ஒரே வாக்கியம் நீளவும் குறுகவும் கூடுமானால், அளவுகோல் வாக்கியத்தில் இல்லை என்பது தெளிவு. அது பிரதமர் கையில் இருக்கிறது.

ராகுகாலமும் எமகண்டமும் பார்த்து வாசலிலே தயங்கி நிற்கும் மனிதரை நாம் நகைக்கிறோம். நகைப்பதும் தகும். ஆனால் அவர் தம் பயணத்துக்குத்தான் நேரம் பார்க்கிறார். ஆள்வோர் தமக்கு நல்ல நேரம் வரும்வரை நம் பயணத்தை நிறுத்திவைத்தால், அந்தப் பஞ்சாங்கத்தை எவர் கிழிப்பது?

கிழிக்க முயன்றவர் ஒரு தமிழ் அம்மையார். 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தொகுதி காலியாயிற்று. உபதேர்தல் வைக்க எண்ணமுண்டு, ஆனால் இன்ன காலத்துக்குள் என்ற கட்டாயம் இல்லை என்று பிரதமர் லீ சியன் லூங் மார்ச்சு மாதம் பாராளுமன்றத்திற் கூறினார். அதற்குச் சில நாள் முன்னரே, அத்தொகுதியில் வசித்த, துப்புரவு வேலை செய்த அந்த அம்மையார் உயர்நீதிமன்றம் சென்றுவிட்டார். சட்ட நூல்கள் இன்று அதனை வெள்ளம்மா வழக்கு என்றே குறிக்கின்றன. பெரும் பட்டம் பெற்றோரும் வர்த்தகப் பிரமுகரும் பேசாதிருந்த இடத்தில், கூடத்தைக் கூட்டும் கை அரசியல் சட்டத்தின் ஒரு வாக்கியத்தைச் சுட்டிக் காட்டியது. நம்மவருள் சிலர் அப்போது இவளுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டனர். வாக்குரிமை உடையவளுக்கு வேறு எவ்வேலை இதனினும் பெரிது?

வழக்கு விசாரணைக்கு வருமுன்பே மே 26ஆம் தேதி உபதேர்தல் நடந்துவிட்டது; இடம் காலியானதிலிருந்து மூன்று மாதமும் சில நாளும். ஆகஸ்டில் உயர்நீதிமன்றம், உபதேர்தலை அழைப்பதும் அதன் காலமும் பிரதமரின் தடையற்ற விருப்பம் என்று தீர்ப்புரைத்தது. 2013 ஜூலையில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் உள்ளிட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. உபதேர்தல் வைப்பது கடமை. அதனை நியாயமான காலத்துக்குள் செய்தல் வேண்டும். பிரதமரின் விருப்பம் தடையற்றதன்று என்றது. தேர்தல் நடந்து முடிந்தமையால் அம்மையாரின் முறையீடு தள்ளுபடியாயிற்று. ஆயினும் அவர் தோற்று வென்றது சிறிதன்று.

சிறிதன்று, முழுமையுமன்று. நியாயமான காலம் என்பதும் நாள் குறியாத சொல்லே. நம் கடைகளில் இன்று ரொக்கம், நாளை கடன் என்று எழுதித் தொங்கவிட்டிருப்பதைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் அறியாதார் இல்லை. மறுநாள் போனாலும் அட்டை அதனையே சொல்லும். அந்த அட்டையில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம்.

நிற்க. ஜோகூர்ப் பாலத்துக்கு அப்பாலும் நோக்குவோம். காலியான கீழ்ச்சபை இடம் அறுபது நாளில் நிரப்பப்படவேண்டும் என்று எண்ணிச் சொல்வது மலேசிய அரசியல் சட்டம். அந்நாட்டிலேயே, சிங்கப்பூரில் மூன்று மாதம் என்ற சொற்கள் நீங்கிய அதே 1965இல், இந்தோனேசியாவுடன் நேர்ந்த மோதலைக் காரணங் காட்டி நகராண்மை, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்றார்கள். மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது, தற்காலிகம் முடியவில்லை. ஊராட்சி மன்றங்களில் ஊழல் மலிந்துவிட்டது என்ற ஐயமும் முன்னரே எழுந்திருந்தது. ஆராய ஒரு ராயல் கமிஷன் அமைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் நம்மவரான வக்கீல் ஆதி நாகப்பன். குறைகளை எல்லாம் ஆராய்ந்து, 1968இல் அவர் கொடுத்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் மீண்டும் வேண்டும் என்றே கூறியது. சர்க்கார் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்தல்களை அறவே நீக்கிற்று. தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ தமிழர், தம் தெருவின் சாக்கடைக்கும் விளக்குக்கும் பொறுப்பானவரை ஒரு முறையேனும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததில்லை. தற்காலிகம் என்ற ஒரு சொல்லுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

நெருக்கடி வந்தால் தேர்தலைத் தள்ளவே கூடாதா என்று கேட்பது நியாயமே. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பார்லிமெண்டு, 1935இல் தேர்ந்தெடுக்கப்பட்டது, 1945 வரை நீண்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்கு மட்டுமே நீட்டி, மறு ஆண்டு மீண்டும் சபையின் அனுமதி பெற்றார்கள். போர் முடியுந் தறுவாயில் தேர்தல் வைத்தார்கள். வென்ற தலைவர் சர்ச்சில் அதில் தோற்றார். தள்ளுவோர் நேர்மையை அறிய, அவர் மீண்டும் வரும் நாளை எழுதிக் கொடுக்கிறாரா என்று பார்த்தாற் போதும்.

இலங்கையில் எழுதிக் கொடுக்கவே இல்லை. 1982 அக்டோபரில் ஜயவர்த்தனா ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். 1977இல் ஆறில் ஐந்து பங்கு இடங்களைத் தம் கட்சிக்குத் தந்த பாராளுமன்றத்தை, புதிய விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால், அதே அளவில் பெற இயலாது. நக்சலைட்டுச் சதி ஒன்று இருக்கிறது, இப்போது தேர்தல் ஆபத்து என்றார். தேர்தலுக்குப் பதிலாக டிசம்பர் 22ஆம் தேதி மக்கள் தீர்ப்பு ஒன்று வைத்து, விளக்கா பானையா என்று கேட்டு, நூற்றுக்கு 54 பேருக்குமேல் விளக்கென்றதால் அச்சபையை 1989 வரை நீட்டினார். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வாக்குகள் பானைக்கு விழுந்தன. தம் கட்சி அங்கத்தினரிடமிருந்து அவர் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டார். நேயர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறோம்: தமக்குப் பிறர் கொடுக்கவேண்டிய கடிதத்திலும் தேதி இல்லை, தாம் மக்களுக்குக் கொடுக்கவேண்டிய தேர்தலிலும் தேதி இல்லை. இரண்டிலும் தேதியை நிரப்பும் பேனா ஒருவரிடமே இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலைப் படுகொலைகளும் ஆறாவது திருத்தமும் வந்தன. தமிழர் விடுதலைக் கூட்டணி அங்கத்தினர் தம் இடங்களை இழந்தனர். நீட்டிய அச்சபை, வடக்கு மக்கள் தேர்ந்தெடுத்த தமிழர் இன்றியே 1989க்குச் சமீபம்வரை சட்டம் இயற்றிக்கொண்டிருந்தது.

அக்கதை அத்தோடு முடியவில்லை. 2023 மார்ச்சு 9ஆம் தேதிக்குக் குறித்த உள்ளூராட்சித் தேர்தலுக்குக் கஜானாவில் பணமில்லை என்றனர். ஜயவர்த்தனாவின் உறவினரும் 1982இல் அவருடைய மந்திரியுமான ரணில் விக்கிரமசிங்க அப்போது ஜனாதிபதி. தள்ளிவைக்கத் தேர்தல் என்று ஒன்று இருந்தாலல்லவா என்ற கருத்துப்படப் பாராளுமன்றத்தில் அவர் பேசினார். முன்னோர் தேர்தலைச் சந்தேகித்தார். இவர் அது உண்டு என்பதையே சந்தேகித்தார். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், அத்தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. வட மாகாண சபையின் காலமோ 2018 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று எல்லைகளை மறுவரையறை செய்து, அவ்வறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்தபோது, வைத்த மந்திரியே அதற்கு எதிராக வாக்களித்தார். 2024 முடியுமளவும் அச்சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் நடுவே அது நின்றுவிட்டது.

புக்கிட் மேராவுக்குத் திரும்புவோம். அடுக்குமாடி வீடுகள் எழுந்து, செம்மண் கண்ணிற் படுவதே அரிதாகிவிட்ட அம்மேட்டில், 1966இலும் 1977இலும் விரைவில் நிரம்பிய இடத்தை எடுத்துக்காட்டி, நடைமுறை நன்றாய் இருக்கையில் சட்டத்தில் எதற்குச் சொல் என்று கேட்கும் நண்பர்கள் நமக்குண்டு. நன்றாய் நடக்கும் நாளுக்குச் சட்டம் எழுதுவதில்லை, ஐயா. ஹேவ்லாக்குக்கும் ஆன்சனுக்கும் எழுதப்படுவது அது. பதிப்பாசிரியர் ஒருவர் ஏட்டுப் பிரதியில் விடுபட்ட சொல்லை வேறோர் ஏட்டிற் கண்டால் ஓரத்தில் குறித்து வைப்பார். 49ஆம் ஷரத்தின் ஓரத்தில் நாம் குறிப்பது, 1963ஆம் ஆண்டுப் பிரதியிற் கண்ட இரண்டு சொற்கள்: மூன்று மாதங்களுக்குள்.