படத்தின் முதுகு

புகழ்பெற்ற போர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் கையெழுத்திட்ட பிரிண்டை வாங்கிச் சுவரில் மாட்டினால் வரலாற்றின் நினைவைக் காப்பாற்றியதாகிவிடும் என்ற பேச்சு இப்போது கொழும்புக் காட்சிக்கூடங்களிலும் புலம்பெயர்ந்தோர் வரவேற்பறைகளிலும் அடிபடுகிறது. இருபத்தைந்தில் மூன்றாவது, ஐம்பதில் பதினோராவது என்று பென்சிலால் எண் போட்ட பிரிண்டுகள். இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெலையில் இருப்பவனுக்கு இந்தப் பேச்சு செரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இரத்தினக் கல் வாங்குகிறவர், எந்தக் குழியில் எடுத்தது, சூடு காட்டியதா என்று கேட்காமல் மடியை அவிழ்ப்பதில்லை. படம் வாங்குகிறவர் மட்டும் முகத்தைப் பார்த்தே விலை பேசுகிறார். முதுகைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

ஆரம்ப காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1855இல் ரோஜர் ஃபென்டன் கிரைமியாவுக்குப் போனது மான்செஸ்டர் படவியாபாரி ஆக்னியூவின் பணத்தில். பிணமில்லாத போரைப் படம்பிடித்து வந்தார். போர் ஓய்ந்ததும் வாங்க ஆளில்லாமல் மிச்சப் பிரிண்டுகள் ஏலத்துக்குப் போயின. ஃபெலிச்சே பியாட்டோ அவரைவிடத் துணிந்தவர், அவரைவிடச் சந்தேகத்துக்குரியவரும்கூட. லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் கிளர்ச்சிச் சிப்பாய்கள் கொல்லப்பட்டது 1857 நவம்பரில். பியாட்டோ கேமராவோடு வந்து சேர்ந்தது அடுத்த ஆண்டில். முற்றத்தில் இறைந்து கிடக்கும் எலும்புகளைப் படத்துக்காகப் பரப்பினார்களா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. வென்ற பக்கத்து அதிகாரிகள் அந்த அல்புமன் பிரிண்டுகளை வாங்கி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டார்கள். போர்ப்படச் சேகரிப்பின் முதல் வாடிக்கையாளர்களில் இவர்களும் உண்டு என்பதை மறக்காமலிருப்பது நல்லது.

எனக்குப் பிடித்த காலம் ஸ்பெயினில் 1936இல் தொடங்கி வியட்நாமோடு முடிகிறது. அது பத்திரிகைப் பிரிண்டின் காலம். எட்டுக்குப் பத்து அங்குலப் பளபளப்புத் தாள், அவசரத்தில் கழுவியதால் ஓரம் மஞ்சளித்திருக்கும். முகப்பில் எங்கே வெட்ட வேண்டுமென்று மெழுகுப் பென்சில் கோடு. அச்சில் எடுபட வேண்டுமென்று வெள்ளை மை தொட்டுத் திருத்திய விளிம்பு. திருப்பினால் ஏஜென்சியின் ரப்பர் முத்திரை, தட்டச்சு செய்து ஒட்டிய விளக்கச் சீட்டு, எந்த நாளில் எந்தப் பக்கத்தில் போனது என்ற தேதிக் குத்து. சில பிரிண்டுகளில் மூன்று, நான்கு தேதிகள் இருக்கும். ஒரே படம் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு செய்திக்குப் பயன்பட்ட கதை அந்த முதுகில்தான் இருக்கிறது. கணினி வந்ததும் அமெரிக்கப் பத்திரிகைகள் பல இந்தப் பிரிண்டுகள் நிறைந்த அலமாரிகளைக் கழித்துக் கட்டின. கலைச் சந்தை அப்போது ஒழுங்கான வெள்ளை விளிம்புள்ள மறுபிரிண்டுகளின் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ராபர்ட் காப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் இந்தோசீனாவில் கண்ணிவெடியில் செத்தவர். அவருடைய தம்பி கார்னெலும் ரிச்சர்ட் வீலனும் தேர்ந்தெடுத்த 937 படங்கள் 1990களில் ஒரே மாதிரியான மூன்று தொகுதிகளாக அச்சிடப்பட்டன. அதில் ஒன்றை ஹங்கேரி அரசு வாங்கியது. வேலை நேர்த்தியானதுதான். ஆனால் அந்தத் தாள் ஒன்றைக்கூடக் காப்பா கையால் தொட்டதில்லை. அவர் கால்பட்ட எந்தப் போரோடும் அதற்குச் சம்பந்தமில்லை. டான் மக்கலின் விதிவிலக்கு. கனத்துக் கறுத்த தம் பிரிண்டுகளை சமர்செட் வீட்டு இருட்டறையில் தாமே போட்டுவந்தவர். 2019இல் லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்கும் அவரே போட்டார். அவருடைய பிரிண்டை வாங்குகிறவரிடம் எனக்கு வழக்கில்லை.

முதுகு ஏன் முக்கியம் என்பதற்கு 1972 ஜூன் 8, வியட்நாமின் ட்ராங் பாங் சாட்சி. தீயில் வெந்து ஓடிவரும் சிறுமி கிம் ஃபுக்கின் படம் நிக் உட்டின் பெயரில் உலகைச் சுற்றியது, புலிட்சர் வாங்கியது. 2025இல் வெளியான ‘தி ஸ்டிரிங்கர்’ ஆவணப்படமோ, அதை எடுத்தவர் நுயென் தான் ங்கே என்ற உள்ளூர்ப் பகுதிநேரக்காரர், அவருக்குக் கிடைத்தது 20 டாலரும் ஒரு பிரிண்டும்தான் என்கிறது. உட் மறுக்கிறார். அவர் வேலை பார்த்த ஏபி செய்தி நிறுவனம் பெயரை மாற்றவில்லை. வேர்ல்ட் பிரஸ் போட்டோ நிறுவனம் அந்தப் படத்துக்கு உட்டின் பெயர் போடுவதை நிறுத்திவைத்தது. தீர்ப்பு யார் பக்கம் போனாலும், கையெழுத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தவர் எதை வாங்கினார்?

நம் நாட்டுக்கு வருவோம். ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இங்கே வந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடங்கியவர். அவர் இங்கே எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு என்பதால் விலை எகிறுகிறது. படத்தில் நிற்கும் தோட்டத்து ஆட்களுக்குப் பெயரில்லை. எடுத்தவரின் பெயரே விலை. 1983 ஜூலையில் பொறளையில் நிர்வாணமாக்கி உட்காரவைக்கப்பட்ட தமிழரின் படம் நேர்மாறு. ‘அத்த’ பத்திரிகையின் சந்திரகுப்த அமரசிங்க எடுத்தது. அவர் பெயர் இல்லாமலே பல காலம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஸ்டீஃபன் சாம்பியனின் 1993 நூல் வடக்கின் போரையும் தெற்கின் ஜேவிபி காலத்துக் கொலைகளையும் ஒரே அட்டைக்குள் வைத்தது. அந்த நேர்மைக்காகவே அதைப் போற்றுகிறேன். வன்னியின் கடைசி நாட்களைப் படம்பிடித்த கவிஞர் அமரதாஸ் பற்றி நம் விமர்சகர்கள் எழுதியது வெட்கப்படும் அளவுக்குக் குறைவு.

எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களோ போர் வரைபடத்திலேயே இல்லை. 1977, 1981, 1983 என்று மூன்று முறை இந்தப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் அடி பலமாக விழுந்தது. சனம் வன்னிக்கு ஓடியது. பெயர் சொல்லி ஏலம் விடக்கூடிய படம் ஒன்றும் அதற்குக் கிடையாது. இருப்பவை டிரங்குப் பெட்டிக்குள் தப்பிய ஸ்டூடியோப் படங்களும், 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி இந்தியா போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படங்களும்தான். அதில் ஒன்றைத் திருப்பினால் ஸ்டூடியோவின் ஊதா முத்திரை, அதன் குறுக்கே தோட்டத்தின் பெயர், டிவிஷன், யாரோ பிறகு எழுதிய “கப்பலேறியது” என்ற சொல். எந்தப் போர்ப்படக்காரரும் இத்தனை சுருக்கமாகச் செய்தி அனுப்பியதில்லை.

இவற்றைச் சேர்ப்பதற்கு லட்சங்கள் தேவையில்லை, கொஞ்சம் ஒழுங்கு போதும். இந்த ஈரமலையில் கண்ணாடியோடு ஒட்ட பிரேம் போட்டால் ஜெலட்டின் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், பூஞ்சணம் ஏறும். பசைத்தாள் ஆல்பம் இன்னும் மோசம். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் எழுதி, காற்றோட்டமான அலமாரியில் வைத்தால் போதும். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். படத்தைக் கொடுத்த வீட்டார் சொல்வதை அப்படியே எழுதிவைக்க வேண்டும். பிரதி அவர்களிடமும் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் பிரிண்ட் விற்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் பக்கத்தில் மாட்டுங்கள். அங்கே எண்ணையும் கையெழுத்தையும் தவிர வேறொன்றும் இல்லையென்றால், அதையும் விலைப்பட்டியலில் போடுங்கள்.