காரணமும் ஏதுவும்: நமது திறனாய்வு உரைநடை பற்றிய ஒரு நோக்கு

தமிழிலே சிந்தனைத் தொழிலைக் குறிக்கும் வினைகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணுதல் என்னும் சொல் கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே உணர்த்துவது. நினைத்தல் நினைவுகூர்தலோடு உறவு நீங்காதது. ஓர்தல், தேர்தல், உன்னுதல், ஆராய்தல், உய்த்துணர்தல் என்பன ஒவ்வொன்றும் தத்தமக்குரிய நுட்பம் உடையன. திருக்குறளிலே தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல் என இரண்டு அதிகாரங்கள் தனித்தனி வகுக்கப்பட்டிருத்தலும் இவ்வளத்தையே காட்டும். ஆயின், முடிவுக்கு வரும் செயலுக்கு இத்துணைப் பெயர்களை வைத்துள்ள நாம், அம்முடிவைத் தாங்கி நிற்பதைக் குறிக்க இன்றைய திறனாய்வு உரைநடையிலே பெரும்பாலும் ஒரே சொல்லையே கையாளுகின்றோம். அது 'காரணம்' என்பது. வேறுபட்ட இரு பொருள்களை இவ்வொரு சொல்லால் வழங்குவதனாலே நமது விமரிசனத்திற் பெருங்குழப்பம் ஒன்று நெடுங்காலமாக நிலவி வருகின்றது என்பதே ஈண்டு யான் கூற விழைவது.

மலையிலே புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணியும் பழைய எடுத்துக்காட்டை அளவைநூல் கற்றார் யாவரும் அறிவர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகளின் உபதேசத்திலும் அஃது இடம்பெறுகின்றது. மலை நெருப்புடைத்து என்பது பக்கம், புகையுடைமை ஏது, அடுக்களை திட்டாந்தம். இங்கே புகைக்குக் காரணம் நெருப்பு. ஆனால் நெருப்புண்டு என்று நாம் அறிவதற்கு ஏதுவாவது புகை. நிகழ்ச்சியிலே முற்பட்டது ஒன்று, அறிவிலே முற்பட்டது மற்றொன்று. புகையினால் நெருப்பு உண்டாயிற்று என எவரேனும் எழுதினால் நகைப்போம். ஆயினும் இலக்கியம் பற்றி எழுதும்போது ஏறத்தாழ இதே பிழையைத் தயக்கமின்றிச் செய்கின்றோம்.

ஏது என்ற சொல்லும் ஈரிடத்தும் வழங்கியதன்றோ எனின், வழங்கியது. ஆயின் வழங்கியோர் வேறுபாட்டை மறந்திலர். தண்டியலங்காரம் ஏதுவணியைக் காரகவேது, ஞாபகவேது எனப் பகுக்கும். ஒன்றை விளைவிப்பது காரகம். ஒன்றை அறிவிப்பது ஞாபகம். ('ஞாபகம்' இன்று நினைவாற்றலையே குறிப்பதனால், மாணவர் பலர் இத்தொடரைக் கண்டு சிறிது திகைப்பதுண்டு.) வியப்பு யாதெனில், நம் மாணவர் இப்பகுப்பை அணியிலக்கண வினாவுக்கு விடையாக மனனஞ் செய்கின்றனரேயன்றித் தாம் எழுதும் கட்டுரையைச் சோதிக்கும் கருவியாகக் கொள்வதில்லை. க.பொ.த. உயர்தர வகுப்பிலே அளவையியலும் விஞ்ஞான முறையும் பயின்றோர் எடுகூற்றையும் முடிவையும் நன்கு பிரித்தறிவர். அவர்களே தமிழ்ச் சிறப்புப் பாடத்துக்கு வந்ததும் அக்கல்வியைப் பரீட்சை மண்டபத்திலே விட்டுவந்தாற்போல எழுதத் தொடங்குகின்றனர்.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே நோக்கலாம். சிலப்பதிகார வரந்தரு காதையிலே இலங்கை வேந்தன் கயவாகு குறிக்கப்படுகின்றான். இவனை மகாவம்சம் கூறும், கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்குரிய முதலாம் கஜபாகுவாகக் கொண்டு, சேரன் செங்குட்டுவனது காலத்தையும் நூலின் காலத்தையும் கனகசபைப்பிள்ளை முதலாயினோர் நிறுவ முயன்றனர். இம்முயற்சி நம் இலக்கிய வரலாற்றுக்குப் பெருந்துணை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கயவாகுவின் பெயர் ஞாபகவேது; அஃது எதனை அறிவிக்கின்றது? அப்பெயருடையானைக் குறிக்கும் அப்பகுதி அவனுக்கு முற்பட்டதன்று என்பதை அறிவிக்கும். அவன் காலத்திலேயே எழுந்தது என்பதை அறிவிக்காது. பின்வந்த புலவனும் முன்னிருந்த மன்னனைப் பாடலாம். மேலும், 12ஆம் நூற்றாண்டிலே இரண்டாம் கஜபாகுவும் இலங்கையை ஆண்டிருத்தலின், பெயர் ஒன்றே கொண்டு ஆளைத் துணிதலும் இயலாது. பிற சான்றுகள் வேண்டும். 'நூல் 2ஆம் நூற்றாண்டினது. காரணம், கயவாகு கூறப்படுகின்றான்' என்று எழுதும்போது இவ்விடைவெளிகள் யாவும் கண்ணிற்படாமற் போகின்றன. 'கயவாகு கூறப்படுதல் இதற்கு ஏது' என எழுதியிருப்பின், எவ்வளவுக்கு ஏது என்ற வினாவாவது எழுந்திருக்கும்.

இக்குழப்பம் மிகுந்த தீங்கு விளைப்பது மதிப்பீட்டிலேயாம். நவீன இலக்கியத்தைச் சமுதாயப் பின்னணியில் வைத்து ஆராயும் நெறி ஈழத்திலே வலுப்பெறக் கைலாசபதியின் பணி பெரிதும் உதவியது. 1968இல் வெளிவந்த அவரது 'தமிழ் நாவல் இலக்கியம்', நாவல் என்னும் வடிவம் தோன்றியமைக்குச் சமுதாய மாற்றத்திலே காரணம் தேடிற்று. அது காரகவேதுவை நாடும் ஆராய்ச்சி. அவ்வளவில் நம் திறனாய்வுக்கு அது தந்த ஆக்கம் மிகப் பெரிது. ஆனால் அந்நெறியைப் பின்பற்றியோர் பலர், ஒரு படைப்பு இன்ன வர்க்க நிலைமையிலிருந்து தோன்றியது என்று காட்டிய அளவிலே, அது சிறந்தது அல்லது இழிந்தது என்பதும் காட்டப்பட்டுவிட்டதாகக் கொண்டனர். தோற்றத்துக்குரிய காரகம் தகுதிக்குரிய ஞாபகமாகச் சொல்லாமலே மாறிற்று. 'காரணம்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாய் நின்றமையால் மாற்றம் நிகழ்ந்த இடம் எழுதியவருக்கே புலப்படவில்லை.

எதிரணியினரும் இதிற் குறைந்தவரல்லர். 1960களில் இங்கு நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்திலே, பேச்சுவழக்கைக் கதையில் எடுத்தாளலாகாது என்றோர் மரபின்மையைக் காரணமாகக் காட்டினர். மரபிலே இல்லாமை ஒரு வழக்குப் புதியது என்பதை அறிவிக்கும். பொருந்தாதது என்பதை எவ்வாறு அறிவிக்கும்? இனி, படித்தேன், உள்ளம் உருகினேன், ஆதலின் இது கலை என்னும் இரசனையாளர் கூற்றை நோக்குவோம். வாசகன் உருக்கம் புகை போன்றது. உண்மையாகவே நெருப்பைக் காட்டவுங்கூடும். ஆனால் ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத நிலையிலேயே அதனைப் புகையாகக் கொண்டு நெருப்பைத் துணிதலை மணிமேகலை ஏதுப்போலிகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. எந்தச் சொல், எந்த நிகழ்ச்சி, எந்த அமைப்பு உருக்கிற்று என்று காட்டாத விமரிசனம் அந்த ஐயத்தைத் தீர்ப்பதில்லை.

உரையாசிரியர் மரபிலே 'என்னை?' என்றொரு வினா உண்டு. சேனாவரையர் பிறர் உரையை மறுக்குமிடத்தும் தம் உரையை நிறுவுமிடத்தும் ஏதுக் கூறாது நகர்வது அரிது. தடையை எழுப்பி விடையைத் தருவது அவர் முறை. இன்றைய கட்டுரைகளிலோ 'என்னை' இருந்த இடத்தை 'எனலாம்' பற்றிக்கொண்டது. பணிவின் தோற்றமுடைய இச்சொல் உண்மையிலே வினாவைத் தடுக்கும் சொல்லாகப் பயன்படுகின்றது: எனலாம் என்றவரிடம் ஏன் என்று கேட்பார் இல்லை.

காரகமே ஞாபகமாகவும் அமையும் இடங்கள் உள என்பதையும் கூறல் வேண்டும். மலையகத் தோட்டங்களிலே வழங்கிய நாட்டார் பாடல்கள் அங்குள்ள உழைப்பிலிருந்தும் துயரிலிருந்தும் பிறந்தன. அப்பிறப்பை அறியாதவனுக்குக் கங்காணி, பிரட்டு, துண்டு முதலிய சொற்கள் வெறும் ஓசைகளே. ஆதலின் பாட்டின் பொருளைத் துணிவதற்கு அதன் பிறப்பு உண்மையான ஏதுவாகின்றது. அவற்றுள் ஒரு பாட்டு மற்றொன்றினும் சிறந்தது என்று கூற வரும்போதோ, இரண்டும் ஒரே லயத்திலே பிறந்தவையாதலின், அவ்வேது உதவாது. அடியையும் சொல்லையும் எடுத்துக்காட்டியே ஆகவேண்டியிருக்கும்.