முட்டுச்சந்தின் அரசியல்

நகரத்தைப் பற்றி நாம் எழுதியதில் பெரும்பகுதி கட்டிடங்களைப் பற்றியது. தெருவைப் பிரதியாக வாசித்தது குறைவு. 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குக் கீழேயுள்ள பழைய சந்துகள் கோணல்மாணலானவை. ஆனாலும் ஒன்றில் புகுந்து இன்னொன்றில் வெளியேறலாம். சிறுமலையைப் பார்த்தபடி நத்தம் சாலையில் போனால் மனைப்பிரிவுகள். ஒவ்வொன்றும் ஒரு 'நகர்'. பலவற்றில் தெரு எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. பக்கத்து நகருக்குப் போகணும்னா மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றித்தான் போகணும்.

நகரம் மரமல்ல என்று கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1965இல் வாதிட்டார். மரத்தில் கிளைவிட்டுக் கிளைபோக அடிமரத்துக்கு இறங்கியாக வேண்டும். இங்கே அடிமரம் நெடுஞ்சாலை. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 1975க்குப் பின் உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்களின் இணைப்பு குறைந்துவந்ததைக் காட்டியது. கட்டிடத்தை இடித்துக் கட்டலாம். போட்ட தெருவின் தடம் லேசில் மாறாது.

இதைக் கார், பெட்ரோல், தூரம் என்று மட்டும் வாசித்தால் தமிழ்நாட்டில் பாதிதான் புரியும். ஊர், சேரி என்ற பிரிவினை ஏற்கெனவே செய்துவைத்ததுதான் இது. பழைய சந்துகளும் எல்லாருக்கும் திறந்திருந்தனவா என்ன? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதலை அடுத்துத் தலித் மக்களின் வழியை மறித்து எழுந்த சுவர், 2008இல்தான் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் தலித் குடியிருப்பை ஒட்டிநின்ற தனியார் சுவர் 2019 டிசம்பர் மழையில் சரிந்து 17 பேரைக் கொன்றது.

மனைப்பிரிவில் அதே சுவருக்குப் பெயர் 'பாதுகாப்பு'. பிள்ளைங்க பயமில்லாம விளையாடலாம் என்கிறார்கள். வண்டி வேகமாக வராததில் நியாயம் உண்டு. ஆனால் வண்டியைத் தடுக்க நாலு கல் போதும். நடப்பவர் இடையில் போய்விடலாம். சுவர் தடுப்பது ஆளைத்தான்.

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவை 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. பேச்செல்லாம் பத்திரம், கட்டணம் பற்றியே. தெரு எங்கே போய்ச் சேருது என்று கேட்டவர்கள் சொற்பம்.

தமிழில் சந்து என்றால் இணைப்பு. பகைவரைச் சமாதானம் செய்வதும் சந்துதான். முட்டுச்சந்து அந்தச் சொல்லையே மறுக்கிறது. தெருக்குத்துக்குப் பயந்து பிள்ளையார் வைக்கிற நாம், முட்டுச்சந்தை விரும்பி வாங்குகிறோம்.

உங்கள் ஊர் மனை வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தெரு நிற்கிற கோட்டுக்கு அப்பால் வெள்ளையாக விடப்பட்ட இடத்தில் குடியிருப்பது யார்?