கட்டாய அனுமதியும் இனநோக்கும்: ஒரு விமர்சனக் குறிப்பு

குற்றமெதுவும் புரியாத ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாகத் தடுத்துவைக்கும் அதிகாரம் உளமருத்துவத்துக்கு உண்டு. அவ்வதிகாரம் எல்லா இனத்தார்மீதும் ஒரே வகையிற் பிரயோகிக்கப்படுகின்றதா என்பது மருத்துவ வினா மட்டுமன்று; சமூகவியல் வினாவுமாகும். இலங்கையிற் பிறந்து இங்கிலாந்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய சுமன் பெர்னாண்டோ 1988இல் வெளியிட்ட ‘உளமருத்துவத்தில் இனமும் பண்பாடும்’ என்னும் ஆங்கில நூல், இவ்வினாவைத் துணிந்து எழுப்பிய நூல்களுள் ஒன்று.

வினா இன்னும் பழமையடைந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 2017-18ஆம் ஆண்டில், 1983ஆம் ஆண்டு உளநலச் சட்டத்தின்கீழ் நிகழ்ந்த தடுத்துவைப்புகள் ஓரிலட்சம் பேருக்கு வெள்ளையரிடையே ஏறத்தாழ 72. கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ 289. இவ்வேறுபாட்டுக்கு வழமையாகக் கூறப்படும் விளக்கங்கள் இரண்டு. முதலாவது, பிறவியிலேயே அவர்களிடம் நோய் மிகுதி என்பது. ஆயின், கரிபியன் வழிவந்தோரிடம் இங்கிலாந்திற் காணப்பட்ட உளப்பிளவு நோயின் உயர்வை, 1990களில் ஜமெய்க்காவிலும் டிரினிடாட்டிலும் நிகழ்ந்த ஆய்வுகள் அங்கு காணவில்லை. எனவே குருதியிற் காரணந் தேடுதல் பொருந்தாது.

இரண்டாவது விளக்கம், நோயாளியின் பண்பாட்டை மருத்துவர் அறியார் என்பது. இதனைப் போதாதெனக் காட்டியதே பெர்னாண்டோவின் சிறப்பு. பண்பாட்டு வேறுபாடு என்ற சொல் இனவாதத்தை மறைக்குந் திரையாகலாம் என்பது அவர் வாதம். வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1851இல் அமெரிக்க மருத்துவர் சாமுவெல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவதையே ஓர் உளநோயெனப் பெயரிட்டார். அவருக்கு அடிமைகளின் பண்பாடு தெரியாமற் போனதன்று குறை. அவர்களின் விடுதலை வேட்கையை அவர் ஏற்க மறுத்ததே குறை.

எனினும், மருத்துவரின் நோக்கை ஆராய்வதோடு நாம் அமைந்துவிடலாகாது. அச்சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் உளநோயுற்றவராகத் தோன்றும் ஒருவரைப் பொலிஸ் உத்தியோகத்தர் பாதுகாப்பான இடமொன்றுக்குக் கொண்டுசெல்லலாம். அங்கு முதற் கணிப்பு பொலிஸாருடையது. கறுப்பினத்தவர் குடும்ப மருத்துவர் வழியாகக் குறைவாகவும் பொலிஸார் வழியாக மிகுதியாகவும் சிகிச்சைக்கு வந்து சேர்கின்றனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பலவந்தம் அச்சத்தை விளைக்கின்றது. அச்சம் உதவி நாடுதலைத் தாமதிக்கச் செய்கின்றது. தாமதம் நோயை முற்றச் செய்து மீண்டும் பலவந்தத்துக்கே வழிகோலுகின்றது.

இதனால், நோய் என்பதே வெறுங் கற்பிதம் எனக் கொள்வாரோடும் நாம் உடன்படுதற்கில்லை. நோயும் உண்மை, அதன் துயரும் உண்மை. உரிய காலத்திற் கிட்டாத கனிவு, காலங்கடந்து கைவிலங்காக வந்து சேர்வதே அநீதி. சொற்களைத் திருத்துவதால் மட்டும் அது நீங்காது. சிகிச்சையின் முதல் வாயில் எவர் கையில் இருக்கின்றது என்பதே இனிக் கேட்கப்படவேண்டிய வினாவாகும்.